நேற்றைச் சொல்லும் வேலை

நான் ஒரு பாய்மரப் பந்தயத்தில் போயிருக்கிறேன். துறைமுகத்துக்குள் வட்டமடித்துவிட்டுக் கைதட்டு வாங்குகிற பந்தயம் இல்லை. கேப்டவுனில் கிளம்பி, உலகத்தின் அடிமடியில் கிடக்கிற தென்கடலைத் தாண்டி, நியூசிலாந்தின் வெலிங்டனில் கரையேறுகிற பெண்கள் பந்தயம். எத்தனையோ நாடுகளின் படகுகள் வந்திருந்தன. எங்கள் படகுதான் முதலில் வந்தது. கடலில் நடந்தது ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

சிரிக்க வேண்டாம். இதைக் கேட்டுவிட்டு என் அண்ணன் பெண்டாட்டி ரொசாரி மைனி, "ஞாபகம் இல்லாமலே இம்புட்டு பீத்திக்கிடுதாளே, இருந்திருந்தா நம்மள ஊர்ல குடியிருக்க விடுவாளா?" என்றாள். விட்டிருக்க மாட்டேன்தான். என் பெயர் பிரகாசி மச்சாது, ஊர் தூத்துக்குடி திரேஸ்புரம். பெருமை பேசுவதில் எங்கள் தெருவில் எனக்குப் போட்டி கிடையாது. அந்தப் படகில் நான் தூங்கியாகப் போனேன்.

தூக்கப் பகிர்வு இன்னும் எட்டிப் பார்க்காத ஊர் எங்காவது இருந்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குல்லா இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நான் தூங்கினால் என் தூக்கத்தின் பலன் உங்களுக்கு வந்து சேரும். நீங்கள் காதுக்குப் பின்னால் பொட்டு அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டால் போதும், முழித்தபடியே உங்கள் வேலையைப் பார்க்கலாம். நான் குறட்டை விடுவேன், உங்களுக்குக் களைப்பு இறங்கும். என் உடம்பு கெட்டுப்போகாத அளவுக்குக் கொஞ்சம் எனக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் தூங்கிகள் யாரும் செத்துப்போவதில்லை. போவது வேறொன்று.

மைனி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குத் தூங்கியாக இருந்தாள். ஒருநாள் தன் மகள் வாசலில் ஓடியாடுவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி பிரகாசி, இவ மொதமொத நடந்தப்ப நான் எங்க இருந்தேன் தெரியுமா?"

"எங்க இருந்தீய?"

"இந்தா, இதே எடத்துலதான். கை தட்டினேனாம். அழுதேனாம். உங்க அண்ணன் சொல்லுதாரு."

"மறந்துட்டீயளா மைனி?"

"மறக்கணும்னா மொதல்ல மனசுல நிக்கணும்லா? அன்னன்னைக்கு நடக்கதத் தூக்கம்தான் எடுத்து அடுக்கி வைக்குமாம். அதத்தான் அடுத்தவனுக்குக் குடுத்துட்டமே. பொறவு யாரு அடுக்குவா?"

அதனால் தூங்கிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தூக்கத்தை வாங்கிக்கொண்டவர் மறுநாள் காலையில் தூங்கியின் முன்னால் வந்து உட்கார வேண்டும். உன் தூக்கத்தை வைத்து நான் இன்னது செய்தேன், நீ நேற்று இப்படியிருந்தாய் என்று வாயால் சொல்ல வேண்டும். நேத்து சொல்றது என்போம். சட்டம் இல்லை, ஒரு மரியாதை. துறைமுகத்தில் எவனும் மைனிக்கு நேற்றைச் சொன்னதில்லை. அண்ணன்தான் சொல்வான். அவன் கூட்டிச் சொல்கிறானா குறைத்துச் சொல்கிறானா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். செத்தாலும் இந்தப் பிழைப்புக்குப் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேப்டவுனுக்கு நான் போனது படகு ஓட்டுகிற ஓட்டக்காரியாக. படகில் மூன்று ஓட்டக்காரிகள், ஒரு தூங்கி. கப்டன் அனிக், பிரான்சின் பிரித்தானிக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள், சிரிப்பென்றால் என்னவென்று கேட்கிற முகம். மற்ற இரண்டு இடங்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் பெண்கள் வந்து முட்டி மோதினோம். திருகோணமலைச் சுகிர்தாவும், சமோவா தீவுக்காரி தெவிலாவும், நானும் கடைசிவரை நின்றோம். அதில் ஒருத்தியைக் கழிக்க வேண்டும்.

கடைசித் தேர்வு, பின்னாலிருந்து பெரிய அலை வரும்போது சுக்கான் பிடிப்பது. என் முறை வந்தது. எங்கள் கரையில் வள்ளம் ஓட்டுகிற எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். அலை பின்னால் வந்து படகைத் தூக்கும். உச்சிக்குப் போனதும் சுக்கானுக்குக் கீழே தண்ணீர் இருக்காது, வெறும் நுரைதான். நுரையில் முறுக்கிப் பிடித்து யாருக்கு என்ன லாபம்? அந்தக் கணம் கையை எடுத்துவிட வேண்டும். இறங்கும்போது சுக்கான் தானாக நேரே வந்து நிற்கும். அப்போது பிடிக்க வேண்டும். விட்டுப்பிடி என்று எங்கள் ஊரில் சொல்வோம். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, கைக்கு அது தானாக வந்துவிடும்.

அனிக் படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னாள். கரைக்கு வந்து படகைக் கட்டினோம். பிறகு கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதை நம் தமிழில் சொல்கிறேன்.

"சுக்கானை விட்டாயா?"

"விட்டுப் பிடிச்சேன்."

"விட்டாயா இல்லையா?"

"விட்டேன். ஆனா..."

"என் அப்பாவும் இரண்டு மாமன்மாரும் கடலில் மூழ்கிப் போனவர்கள். அந்தப் படகுகளில் எல்லாம் யாரோ ஒருத்தன் சுக்கானை விட்டிருக்கிறான். விடுகிறவளிடம் என் படகைத் தரமாட்டேன்." எழுந்தவள், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "தூங்கி இடம் காலியாக இருக்கிறது. உனக்கு நல்ல தூக்கம் என்று மருத்துவர் சொன்னார். வேண்டுமென்றால் வா."

போட்டிருந்த மிதவைச் சட்டையைக் கழற்றி அவள் முகத்தில் எறிந்திருப்பேன். சுகிர்தா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிக்காதை பிரகாசி. முதல்ல சட்டத்தைக் கேள். தூங்கியெண்டால் ஓட்டக்காரி இல்லை, சாமான். நங்கூரம், கயிறு, நீ, எல்லாம் ஒரே கணக்குத்தான். சுக்கானையோ பாய்க் கயித்தையோ நீ தொட்டாயெண்டால் படகு பந்தயத்தில இல்லை."

"உசிரு போற நேரத்துலயும் தொடக் கூடாதாக்கும்?"

"தொடலாம். தொட்டு எல்லாரும் தப்பலாம். பந்தயம் அதோட சரி."

அன்று முழுக்க யோசித்தேன். ஊரில் மைக் செட் கட்டி, மாலை போட்டு என்னை வழியனுப்பியிருந்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தால் எந்த முகத்தோடு திரேஸ்புரத்தில் நடப்பது? அதைவிட, அனிக் மேல் இருந்த கோபம். என் தூக்கத்தை வாங்கிக்கொண்டு ஜெயிக்கட்டும், அப்போது அவள் மூஞ்சியை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பந்தயம் முழுக்க எனக்கு ஞாபகம் இருக்காது என்று தெரிந்தேதான் சரி என்றேன். கோபத்தில் எடுக்கிற முடிவெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நங்கூரத்தோடும் கயிற்றோடும் சேர்த்து என்னையும் தராசில் ஏற்றி எடை போட்டார்கள். நங்கூரத்தில் ஒட்டின அதே சீட்டை என் சட்டையிலும் ஒட்டினார்கள். சாமான் என்று அதில் போட்டிருந்தது. படகின் பெயர் ஹெர்மின். அனிக்கின் ஊரில் அது கீரிப்பிள்ளை மாதிரி ஒரு வெள்ளைப் பிராணியாம். நான் கீரி என்றே கூப்பிட்டேன். மறுநாள் கிளம்பும்போது கரையில் கூட்டம் கத்திக்கொண்டிருந்ததாம். நான் உள்ளே போய், கால் நீட்டினால் சுவர் இடிக்கிற அறையில் படுத்துக் குல்லாவை மாட்டினேனாம். என் ஞாபகம் முந்தின இரவோடே அறுந்துபோகிறது.

இனி வருவது அவர்கள் சொல்லிக் கேட்டது. தினமும் எழுந்து வெளியே தலை நீட்டி, "என்ன, கேப்டவுன் அதுக்குள்ள மறைஞ்சிட்டா?" என்று கேட்பேனாம். தெவிலா தினமும் விழுந்து விழுந்து சிரிப்பாளாம். பொட்டலச் சாப்பாட்டை ஒவ்வொரு நாளும் முதல்தடவையாகத் தின்று, முதல்தடவையாகத் திட்டினேனாம். சுகிர்தா கறுப்புக் காப்பி போட்டு எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்து, ஒருநாள் தவறாமல் நேற்றைச் சொன்னாளாம். எந்தப் படகை முந்தினோம், எந்தப் பறவை கூடவே வந்தது, என் தூக்கத்தை வாங்கிக்கொண்டு யார் என்ன செய்தார்கள். நான் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஓட்டுதிய, ஆனா விட்டுப் பிடிச்சா இன்னும் நல்லாருக்கும்" என்பேனாம். அனிக் காதில் விழாத மாதிரி இருப்பாளாம். மறுநாள் சுகிர்தா மறுபடியும் முதலிலிருந்து காப்பி போடுவாள்.

என் ஞாபகம் திரும்பத் தொடங்குவது வெலிங்டன் துறைமுகத்தில், பந்தயக் குழுவின் விசாரணை நடந்த அன்று. முந்தைய நாள் நாங்கள் முதலாவதாகக் கரையேறியதையும் அன்று காலையில் சுகிர்தாதான் சொன்னாள். வாத்தியம், மாலை, கூட்டம், எல்லாவற்றையும் காப்பியோடு சேர்த்துச் சொன்னாள். நான் துள்ளிக் குதித்தேன். குதித்த வேகத்தில் கட்டிலின் கம்பியைப் பிடித்தவள் வலியில் கையை உதறினேன். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து, ஆறியும் ஆறாமலும் கிடந்தது.

"ஏட்டி சுகிர்தா, தூங்குனவளுக்குக் கையில எப்படி இது வந்துச்சு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்ப கேளாதை. கப்டன் அங்க வந்து சொல்லுவா. முன்னமே உனக்குச் சொன்னால், நாங்கள் சொல்லித் தந்ததெண்டு சொல்லிப் போடுவினம்."

"என்னத்த சொல்லித் தந்தது?"

"கொஞ்சம் பொறு எண்டு சொல்லுறன்."

விசாரணை என்றதும் பயந்துவிடாதீர்கள், ஜெயித்த படகை ஒருதடவை கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கோப்பையைக் கொடுப்பது அங்கே முறை. நீளமான ஒரு மேசை. அதன் மேல் வெல்வெட் துணி போட்டு மூடிய கோப்பை. தலைமை நடுவர் திருமதி பெல்லமி, வெள்ளைத் தலை, கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் குல்லா செய்கிற கம்பெனியின் வக்கீல், சின்ன வயசுக்காரன். பந்தயத்துக்குச் செலவு செய்வது அந்தக் கம்பெனிதான். அனிக் வலது கையைத் தொட்டில் கட்டி நெஞ்சோடு வைத்திருந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

திருமதி பெல்லமி வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தார். அனிக் எழுந்து நின்றாள்.

"எங்களுக்குக் கோப்பை வேண்டாம். விதிப்படி எங்களை நீக்க வேண்டும். புயலில் படகை ஓட்டியது எங்கள் தூங்கி."

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

அனிக் சொன்னாள். கடலின் தெற்குக் கோடியில் ஒருநாள் விடியும்போதே காற்று வெறிபிடித்துவிட்டதாம். அவள்தான் சுக்கானில் இருந்திருக்கிறாள். பக்கவாட்டில் வந்த ஓர் அலை அவளைத் தூக்கி இரும்புக் கம்பியில் அடித்தது. அதே அலையில் நடப்பதைப் பதிவு செய்கிற காமிரா, படகைத் தானாக ஓட்டுகிற கருவி எல்லாம் போயிற்று, சுக்கானின் தண்டிலும் விரிசல் கண்டது. முன்பாய் கிழிந்து பாய்மரத்தில் சுற்றிக்கொண்டது. அதை இறக்காவிட்டால் பாய்மரம் ஒடியும். இறக்க இரண்டு பேர் வேண்டும். சுகிர்தாவும் தெவிலாவும் முன்னால் போனால் சுக்கானுக்கு ஆளில்லை. உதவிக் கப்பல் வந்து சேரப் பல நாளாகும்.

"அப்போது தூங்கி அறையின் கதவைத் திறந்தேன்" என்றாள் அனிக்.

திருமதி பெல்லமி கண்ணாடியைக் கழற்றினார். "கப்டன், உங்களுக்கு எலும்பு முறிந்திருந்தது. காய்ச்சல் இருந்திருக்கும். அந்தக் களைப்பில் என்னென்னவோ தோன்றும். நடந்ததற்குப் பதிவு எதுவும் இல்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசித்துத்தான் சொல்கிறேன். வந்து சேரும்வரை வேறெதையும் யோசிக்கவில்லை."

வக்கீல் எழுந்தான். பேச்சு வெண்ணெய் தடவியதுபோல் இருந்தது. "நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு தூங்கி என்ன செய்தார் என்பதற்கு அவருடைய ஞாபகம் ஒன்றுதான் சான்று. அது அவரிடம் இல்லை. மற்றவர்கள் சொல்வதை வைத்து ஒரு தூங்கியின் நாளை நிறுவலாம் என்று இன்று ஒப்புக்கொண்டால், நாளை உலகத்தில் உள்ள ஒவ்வொரு தூங்கியும் தன் தொலைந்த நாட்களுக்குச் சாட்சிகளோடு எங்கள் வாசலில் நிற்பார். அதனால் அவரையே கேட்டுவிடுங்கள். தெரியாது என்று சொன்னால் கோப்பை இவர்களுடையது. எல்லாருக்கும் நல்லது."

திருமதி பெல்லமி என்னைப் பார்த்தார். "மிஸ் மச்சாது, நீங்கள் சுக்கானைப் பிடித்தீர்களா?"

சங்கடத்தைப் பாருங்கள். தெரியாது என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் கோப்பை கிடைக்கும், ஊரில் மறுபடி மைக் செட் கட்டுவார்கள், நான் கடைசிவரை சாமான். ஆமாம் என்றால் கோப்பை போய்விடும், அது நான் செய்ததாக நிற்கும். ஆனால் எப்படி ஆமாம் என்பேன்? பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. பெருமை பேசுவேன், பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். போதாததற்கு மனதில் ஒரு முள் குத்தியது. பாவம், இவ்வளவு தூரம் தூங்கிக்கொண்டே வந்தாளே என்று மூன்று பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கதை கட்டித் தருகிறார்களோ? எனக்கு யாருடைய பிச்சையும் வேண்டாம். அது கோப்பையாக இருந்தாலும் சரி, கதையாக இருந்தாலும் சரி.

"ஒரு நிமிஷம்" என்று நடுவரிடம் சொல்லிவிட்டு, சுகிர்தாவிடம் தமிழில் கேட்டேன். "ஏட்டி, எங்கண்ணப் பாத்துச் சொல்லு. நான் ஓட்டுனேன்னா, சுக்கானை எப்படிப் பிடிச்சேன்?"

"பிடிச்சனியோ?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க பிடிச்சாய்? விட்டெல்லோ போட்டாய்!"

"விட்டேனா?"

"ஓம்! நானும் தெவிலாவும் முன்னுக்கு நிண்டு பாயோட மல்லுக்கட்டுறம். திரும்பிப் பாத்தால், மலை மாதிரி அலை உச்சியில படகு நிக்குது, நீ ரெண்டு கையையும் எடுத்திட்டாய். சுக்கான் தன்ர பாட்டில ஆடுது. செத்தம் எண்டு நினைச்சிட்டன். கப்டன் பிடி பிடி எண்டு கத்துறா. இறங்கேக்க பிடிச்சாய். சரி, விசர் தெளிஞ்சுது எண்டு பாத்தால், அடுத்த அலைக்குத் திரும்பவும் விட்டாய். நாள் முழுக்க இதே வேலை. வாயும் ஓயேல்லை."

"வாயா? என்ன சொன்னேன்?"

அவள் மேசையைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள். "இதில வைச்சுச் சொல்லலாமோ?"

"சொல்லுட்டி."

திருகோணமலைத் தமிழ் பேசுகிறவள், தொண்டையைச் செருமிக்கொண்டு, திரேஸ்புரத்து வசவை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் சொன்னாள்: "ஏ கீரி, சவத்து மூதி, உன்னைய எவ ஏறச் சொன்னா? எறங்குட்டி, எறங்குட்டிங்கேன்!"

பக்கத்தில் தெவிலாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் அந்த ராகத்தைக் கேட்டதும் அவள் மேசை மேல் இரண்டு கையையும் வைத்து, விரித்தாள், மூடினாள், விரித்தாள், மூடினாள். குனிந்து பார்த்தேன். மடியில் என் கைகளும் அதையே செய்துகொண்டிருந்தன. தோல் உரிந்த இடம் எரிந்தது.

பாய்மரப் படகில் பழகிய எந்தப் பெண்ணும் கனவில்கூடச் சுக்கானை விடமாட்டாள். எனக்குக் கதை கட்டுவதாக இருந்தால், நான் உடும்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றுதான் கட்டியிருப்பார்கள்.

அனிக் இன்னும் உட்காரவில்லை. "சுக்கானின் தண்டு விரிசல் விட்டிருந்தது என்று சொன்னேன். நான் பிடிக்கிற மாதிரி முறுக்கிப் பிடித்திருந்தால் அது சீக்கிரமே முறிந்திருக்கும், நாங்கள் யாரும் இங்கே வந்திருக்க மாட்டோம். இவள் உச்சியில் விட்டதால்தான் அது தாங்கியது. எதைச் செய்ததற்காகக் கேப்டவுனில் இவளை நான் கழித்தேனோ, அதைத்தான் இவள் செய்தாள். பொய் சொல்ல நினைத்தால், என்னை முட்டாளாக்குகிற பொய்யையா தேடிப் பிடித்துச் சொல்வேன்?"

அனிக் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். காற்று அடங்கிய பிறகு, குல்லாவை மாட்டாதே, இன்றைய தூக்கம் உனக்கு, இந்த நாள் உன்னிடம் இருக்க வேண்டும் என்று சொன்னேன். நாங்கள் மூன்று பேரும் நிற்க முடியாமல் நின்றோம். நீ ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாளைக்கு யார் ஓட்டுவது, உங்கள் சித்தப்பாவா என்று கேட்டாய். நீயே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாய். உன் வாழ்க்கையின் மிகப்பெரிய நாளை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தாய்."

சித்தப்பா என்றதும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. அது என் வாய்தான். வேறு எவளுக்கும் அந்த வாய் கிடையாது.

எழுந்து நின்றேன். "நான்தான் ஓட்டினேன்" என்றேன்.

"ஞாபகம் வந்துவிட்டதா?" என்றார் திருமதி பெல்லமி.

"இல்லை. ஒன்றும் வரவில்லை. ஆனால் என் கையை எனக்குத் தெரியும்."

வக்கீல் விடவில்லை. "ஞாபகம் இல்லாத ஒன்றை நீங்கள் செய்ததாக எப்படிச் சொல்ல முடியும்?"

"நீங்கள் பிறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா தம்பி? பார்த்தவர்கள் சொல்லித்தானே கேட்டீர்கள்? அதற்காக, பிறந்தது நானில்லை என்று சொல்வீர்களா?"

இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். தம்பியை மட்டும் தமிழில் விட்டேன். அவனுக்குக் காது சிவந்துபோனது. திருமதி பெல்லமி வாயைக் கையால் மூடிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை.

அப்புறம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார். ஹெர்மின் படகு பந்தயத்திலிருந்து நீக்கப்படுகிறது. காரணம், விதிக்குப் புறம்பாக, தென்கடல் புயலில் பிரகாசி மச்சாது படகை ஓட்டினார். முழுப்பெயரையும் சரியாகச் சொல்கிறோமா என்று என்னிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். கோப்பையைத் துணியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தெவிலா என் சட்டையிலிருந்த சாமான் சீட்டைப் பிய்த்து, கசக்கி, போகிற கோப்பையைப் பார்த்து எறிந்தாள். குறி தப்பி வக்கீலின் மேல் பட்டது. நான் உயிரோடு இருக்கும்வரை அவ்வளவு பெருமையாக இன்னொருதடவை தோற்கப் போவதில்லை.

வெளியே படியில் இறங்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. குல்லாவைக் கழற்றிவிட்டாலும், கொடுத்துப் பழகிய உடம்புக்குத் தன் தூக்கம் உடனே ஒட்டாது. முதல் சில நாட்கள் தண்ணீரில் எழுதினமாதிரி போய்விடும் என்று மைனி சொல்லியிருக்கிறாள். அதைச் சுகிர்தாவிடம் சொல்லிவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். புயல் போனது போகட்டும். அதை நானாகக் கொடுத்தேன். இந்த நாளும் போய்விடுமே? அனிக் எழுந்து நின்றது, சுகிர்தா திட்டியது, என் பெயரைச் சொன்னது, எல்லாவற்றையும் நாளைக்குக் காப்பியோடு சேர்த்து யாரோ சொல்லித்தான் கேட்க வேண்டுமா?

"கப்டன், இவவுக்கு இண்டைக்கு நடந்தது நிக்காதாம்" என்று சுகிர்தா அனிக்கிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் தலையைத் தடவினாள்.

அனிக் முறியாத கையால் என் பையைத் திறந்து குல்லாவை எடுத்தாள். உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தாள். "இது என் தலைக்கு வருமா?"

"கப்டன், வேண்டாம்" என்றேன். "அப்ப இன்னைக்கு நடந்தது உங்ககிட்ட இருக்காது."

"இன்று நான் கோப்பையைத் தோற்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?" என்றாள். முதல்தடவையாக அவள் சிரித்துப் பார்த்தேன். அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் எதுவும் இல்லை என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும்.

பட்டப்பகல். விடுதி அறையில் அனிக் குல்லாவை மாட்டிக்கொண்டு படுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, இப்போது முதலாவதாகிவிட்ட படகுக்கு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. நான் காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று நடந்தவை ஒவ்வொன்றாக உள்ளே வந்து இடம் பிடித்து உட்காருவது எனக்குத் தெரிந்தது. நடுவரின் இருமல்வரை ஒன்று விடாமல் வந்தது. மறுநாள் காலையில் நானே காப்பி போட்டு எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். நேற்றைச் சொன்னேன்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு என்னென்னவோ நடந்துவிட்டது. தூங்கிகளை யாரும் இப்போது தராசில் ஏற்றுவதில்லை. நேற்றைச் சொல்வது சட்டமாகிவிட்டது. கிரேன் ஓட்டுகிறவர்கள் வரிசையாக வந்து மைனியின் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். "எல்லாப் பயலும் ரொம்பத்தான் இழுக்கான், சோறு பொங்க நேரமாவுது" என்று அவள் சலித்துக்கொள்கிறாள். சலித்துக்கொண்டாலும் ஒருவனையும் பாதியில் எழுந்து போக விடுவதில்லை.

வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் அனிக் கூப்பிடுகிறாள். "பிரகாசி, எனக்கு நேற்றைச் சொல்" என்பாள். நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பித்தான் ஆக வேண்டும். நான் இஷ்டத்துக்குக் கூட்டலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. நான் எப்படிப்பட்ட வாய்க்காரி என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவளுடைய அந்த ஒரு நாளில் நான் இன்றுவரை ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அவள் எழுந்து நின்றது, முட்டாளாக்குகிற பொய்யையா சொல்வேன் என்று கேட்டது, கோப்பை போகும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொல்வேன்.

அவள் மூச்சுவிடாமல் கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் முதல்தடவை கேட்பதுபோலத்தான் கேட்பாள்.

"அப்புறம் நான் என்ன செய்தேன்?" என்பாள் கடைசியில்.

"தூங்கினீங்க கப்டன்" என்பேன்.